ஆவாரம்பூவின் சுருதி

தை பிறந்து சில நாள். செஞ்சிக் கோட்டையில், ராஜகிரி மலையின் அடிவாரம். எட்டு மணி வெயில் பாறைமேல் ஏறத் தொடங்கியிருக்கும். வழியோரத்தில் நெஞ்சளவு உயரத்துக்கு ஒரு மஞ்சள் புதர் பூத்திருக்கிறது. அதன் பக்கத்தில் ஐந்து நிமிடம் பேசாமல் நின்று பாருங்கள். சரியாகச் சொன்னால், கேளுங்கள். கட்டைவிரல் நுனியளவு பருமனான கருவண்டு ஒன்று தாழ்ந்த குரலில் ரீங்கரித்தபடி வரும். பூவில் உட்காரும். இறக்கை அடங்கும். ஆனால் சத்தம் அடங்காது. சுருதி சட்டென்று மேலே ஏறி, ஒரு விநாடிக்கும் குறைவான நேரம் ‘வீங்’ என்று ஒலிக்கும். நிற்கும். மறுபடி ‘வீங்’. பிறகு பழைய தாழ்ந்த குரலுக்கே இறங்கி அடுத்த பூவுக்குப் போகும்.

பறக்காமல் உட்கார்ந்திருக்கும் வண்டுக்கு எதற்கு ரீங்காரம்? அதுவும் வேறு சுருதியில்?

அந்தப் புதர் ஆவாரை. நம்மில் பலர் அதை ஒரு செடியாகவே மதிப்பதில்லை. போகியன்று வேப்பிலை, சிறுபீளையோடு சேர்த்துக் கட்டி வீட்டு முகப்பில் செருகும் காப்பு. எண்ணெய்க் குளியலுக்கு அரைத்துப் பூசும் பொடி. மற்ற நாளெல்லாம் பஸ் ஜன்னலில் ஓடும் மஞ்சள் கோடு. வீட்டுத் தோட்டத்துக்கு ஒரு மஞ்சள் பூச்செடி வேண்டும் என்று நர்சரியில் கேட்டால் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த டெகோமாவை எடுத்து நீட்டுவார்கள். ஆவாரைக் கன்று கேட்டால் ஏற இறங்கப் பார்ப்பார்கள். ரோட்டோரம் கிடப்பதை யாராவது காசு கொடுத்து வாங்குவார்களா என்பது அந்தப் பார்வை. குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கும் மலர்களில் ஆவிரை என்ற பெயரோடு இடம்பிடித்த பூ இது. தெலங்கானா இதையே தன் மாநில மலராக வைத்திருக்கிறது. அங்கே பதுகம்மா பண்டிகையின் பூக்கோபுரத்தில் ‘தங்கேடு’ இல்லாமல் வேலை நடக்காது. நம் ஊரில்தான் அது இன்னும் காம்பவுண்டு சுவருக்கு வெளியே நிற்கிறது.

அதை உள்ளே கொண்டுவருவது எப்படி என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை. ஆனால் முதலில் அந்த ‘வீங்’.

ஒரு பூவைப் பறித்து உள்ளங்கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து இதழ்கள், ஓரத்தில் லேசான சுருக்கம். தேன் இருக்கிறதா என்று தேடினால் ஏமாற்றம்தான். ஆவாரம்பூவில் ஒரு துளி தேனும் கிடையாது. வண்டுக்கு அது தரும் ஒரே கூலி மகரந்தம். தேன் என்பது பூச்சிகளுக்குச் சர்க்கரை என்றால் மகரந்தம் பருப்பு: புரதம் நிறைந்தது, குஞ்சுகளை வளர்க்க அது இல்லாமல் முடியாது. செடிக்கோ மகரந்தம் செலவு பிடிக்கிற சரக்கு. சத்தில்லாத சரளை மண்ணிலிருந்து உறிஞ்சிய நைட்ரஜன் அதில் போகிறது. வருகிறவர்கள் எல்லாவற்றையும் தின்றுவிட்டால் அடுத்த பூவுக்கு எடுத்துப்போக மிச்சமிருக்காது. கூலியும் அதே பொருள், அனுப்ப வேண்டிய பார்சலும் அதே பொருள். இந்தச் சிக்கலுக்கு ஆவாரை கண்டுபிடித்த தீர்வு: பூட்டு.

செம்பருத்தியில் மகரந்தப்பை வெடித்துத் திறந்து, தொட்டால் கையில் தூள் ஒட்டும். ஆவாரையில் அப்படி இல்லை. மகரந்தப்பை தடித்த தோலோடு குட்டி வாழைப்பழம்போல மூடியே இருக்கும். அதன் நுனியில் மட்டும் மிகச் சிறிய துளை. முகப்பவுடர் டப்பாவின் மூடி நினைவுக்கு வருகிறதா? அதே ஏற்பாடுதான். சாய்த்தால் கொட்டாது, குலுக்கினால்தான் கொட்டும். அதையும் கையால் குலுக்குகிற வேகத்தில் செய்தால் போதாது. விநாடிக்கு நூற்றுக்கணக்கான முறை குலுக்க வேண்டும்.

கருவண்டு செய்வது இதைத்தான். வண்டு என்று நாம் சொன்னாலும் அது தேனீக்களுக்கு உறவு. காய்ந்த மரத்தைத் துளைத்துக் கூடு கட்டுவதால் தச்சுத் தேனீ என்றும் பெயர். பூவை அது கால்களால் கவ்வி உடம்பை வளைத்து அணைத்துக்கொள்கிறது. பிறகு நெஞ்சுக்கூட்டுக்குள் இருக்கும் பறப்புத் தசைகளை இயக்குகிறது, இறக்கைகளை மட்டும் விரிக்காமல். நியூட்ரலில் வைத்துக்கொண்டு பைக்கின் ஆக்ஸிலேட்டரை முறுக்குவதுபோல. எஞ்சின் அலறும், சக்கரம் சுற்றாது. அந்தச் சக்தியெல்லாம் வண்டியின் உடம்பை அதிரவைக்கும். காற்றைத் தள்ளும் சுமை இறக்கைக்கு இல்லாததால் தசை இன்னும் வேகமாகத் துடிக்க முடிகிறது. அதனால்தான் சுருதி ஏறுகிறது. அதிர்வு பூவுக்குள் இறங்கி, மகரந்தம் துளை வழியே புகைபோலப் பீச்சியடிக்கிறது. இதற்கு அதிர்வு மகரந்தச் சேர்க்கை என்று பெயர்.

எவ்வளவு வேகம்? இப்படிப்பட்ட தேனீக்கள் பெரும்பாலும் விநாடிக்கு 100 முதல் 400 முறை அதிர்கின்றன. சட்டைப்பையில் உறுமும் செல்போன் ஏறக்குறைய 150, 200. ஒரு கட்டைச் சுருதியில் பாடும் பாகவதரின் மேல் சட்ஜம் சுமார் 260. பள்ளி இயற்பியல் ஆய்வகத்தில் 256 என்று எண் பொறித்த இசைக்கவை ஒன்று இருக்குமே, அதைத் தட்டி இத்தகைய பூவின் மகரந்தப்பையில் வைத்தால் மஞ்சள் தூள் பறக்கும். கருவண்டின் வேலையை ஒரு பத்தாம் வகுப்புப் பிள்ளை செய்துவிடலாம். பசுமைக்குடில்களில் தக்காளி வளர்ப்பவர்கள் இதற்கென்றே அதிர்வுக் கருவிகளைக் கையில் வைத்திருந்தார்கள். தக்காளியும் கத்தரியும் இதே பூட்டைப் போட்டவைதாம். உலகில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட தாவர வகைகள் இந்த ஏற்பாட்டை வைத்திருக்கின்றன என்பது கணக்கு.

இதில் ஒரு வேடிக்கை. நமக்குத் தேன் தரும் கொம்புத்தேனீ, அடுக்குத்தேனீ எதற்கும் இந்த வித்தை தெரியாது. ஆவாரம்பூவுக்கு அவை வந்தாலும் கருவண்டு சிந்திவிட்டுப் போனதைப் பொறுக்கிக்கொண்டு போக வேண்டியதுதான். ராஜகிரி உச்சிக்கு ஏறுகிறவர்கள் கடைசியில் ஓர் ஆழமான பாறைப் பிளவைத் தாண்டுவார்கள். அந்தக் காலத்தில் அதன்மேல் இருந்தது ஒரு மரப்பாலம் மட்டும். பாலத்தை எடுத்துவிட்டால் சில பேர் ஒரு படையையே நிறுத்திவிடலாம். இந்த மஞ்சள் பூவிலும் பாலம் எடுத்தே இருக்கிறது. பாடத் தெரிந்தவர் வந்தால்தான் போடப்படும். அப்போதும் மொத்தத்தையும் ஒரே ஆளிடம் கொடுத்துவிடாது. துளை சிறியதாகையால் ஒரு குலுக்கலுக்குக் கொஞ்சம்தான் வெளிவரும். ரேஷன் கடைபோல, ஆளுக்கு இவ்வளவு.

சரி, ரேஷனில் கொடுத்தாலும் வண்டு வீட்டுக்குக் கொண்டுபோய்க் குஞ்சுக்குத்தானே ஊட்டும்? பார்சல் எப்படிப் போய்ச் சேரும்? கையிலிருக்கும் பூவை இன்னொரு முறை பாருங்கள். மகரந்தப்பைகளைத் தாங்கும் பத்துக் கேசரங்கள் இருக்கும், எல்லாம் ஒரே அளவில் இல்லை. மேலே இருக்கும் மூன்று சிறுத்துப்போய் மலடானவை. நடுவில் நான்கு நடுத்தரம். கீழே மூன்று நீண்டு வளைந்தவை. ஒரே பூவுக்குள் வேலைப் பிரிவினை. வண்டு பிடித்துக் குலுக்குவது எட்டும் இடத்தில் இருக்கும் நடுத்தரக் கேசரங்களை. அவை சாப்பாட்டுக் கேசரங்கள். அது அங்கே சாப்பாட்டில் மும்முரமாக இருக்கும்போது, நீண்ட கேசரங்களும் அதே அதிர்வில் அதிர்ந்து அதன் உடம்பில், கால் எளிதில் எட்டாத இடத்தில், தூளைப் பூசிவிடுகின்றன. அது வண்டின் சாப்பாடு அல்ல. அடுத்த பூவுக்கான சரக்கு. பந்தியில் உட்கார்ந்தவன் இலையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது முதுகில் யாரோ போஸ்டர் ஒட்டிவிட்டதுபோல.

இந்த இருவகைக் கேசரங்களின் புதிர் சார்லஸ் டார்வினைப் பல ஆண்டுகள் அலைக்கழித்தது. 1882 ஏப்ரல் 10 அன்று, அமெரிக்காவில் டாட் என்ற பேராசிரியருக்கு அவர் ஒரு கடிதம் எழுதினார். முள் நிறைந்த ஒரு காட்டுக் கத்தரி வகையைப் பற்றியும், ஆவாரைக்கு உறவான ஒரு சிறு செடியைப் பற்றியும் டாட் எழுதிய கட்டுரையை அப்போதுதான் அவர் படித்திருந்தார். இரண்டின் விதைகளையும் அனுப்ப முடியுமா, நட்டுப் பார்க்க வேண்டும் என்று கேட்டார். ஒன்பதாம் நாள் டார்வின் இறந்துபோனார். 73 வயது, இதயம் நின்றுபோகும் நிலையில்கூட அவர் கேட்டது ஒரு சின்னப் பெட்டியில் விதை. சாப்பாட்டுக் கேசரம், சரக்குக் கேசரம் என்ற விளக்கத்தை அதே 1880களில் மியூலர் சகோதரர்கள், ஃபிரிட்ஸும் ஹெர்மனும், முன்வைத்தார்கள்.

டாட் கவனித்த இன்னொரு விஷயம் ஆவாரையிலும் உண்டு. பூவின் நடுவிலிருந்து பச்சையாக வளைந்து நீளுமே, அதுதான் சூல்தண்டு. பிறகு காயாகப்போவது அதன் அடிப்பகுதி. ஒரே கொத்தில் நாலைந்து பூக்களை வரிசையாகப் பாருங்கள். சிலவற்றில் அது இடப்புறம் வளைந்திருக்கும், சிலவற்றில் வலப்புறம். இடப்பூ, வலப்பூ, கண்ணாடியில் பார்த்த பிம்பம்போல ஒன்றுக்கொன்று. இடப்பக்கம் பூசப்பட்ட மகரந்தம், இடப்பக்கம் தொடும் சூல்தண்டுக்குத்தான் போய்ச் சேரும். சூல்தண்டு ஒரு பக்கம் வளைந்தால் மகரந்தம் மறுபக்கம் பூசப்படும். இதன் பலன், ஒரு வகைப் பூவின் மகரந்தம் பெரும்பாலும் எதிர்வகைப் பூவில் போய் இறங்குவது. வலது காலிலும் இடது காலிலும் மாறி மாறிச் செருப்பு மாட்டிப் பார்ப்பதுபோல ஒரு பொருத்தம். 1981இல் இஸ்ரேலியத் தாவரவியலாளர் ரிவ்கா டல்பெர்கர் உலகத்துச் செடிகளையெல்லாம் விட்டுவிட்டு, நம் ஆவாரையையும் அதன் ஆப்பிரிக்க உறவு ஒன்றையும் எடுத்துக்கொண்டுதான் இந்தப் பூ நுட்பங்களை ஆராய்ந்து வெளியிட்டார். நாம் பஸ் ஜன்னலில் பார்த்துக்கொண்டிருந்தோம்.

பூவில் தேன் இல்லை என்றேன். செடியில் இல்லை என்று சொல்லவில்லை. ஒரு இலையை எடுங்கள். புளிய இலைபோல நடுக்காம்பின் இருபுறமும் எட்டு முதல் பன்னிரண்டு ஜோடிச் சிற்றிலைகள். ஒவ்வொரு ஜோடிக்கும் நடுவே, காம்பின்மேல், ஊசிமுனைபோல ஒன்று குத்திட்டு நிற்கும். மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு பாருங்கள். இளம் இலையில் நன்றாகத் தெரியும். அவை வெளித்தேன் சுரப்பிகள், அதாவது பூவுக்கு வெளியே தேன் சுரக்கும் புள்ளிகள். இந்தத் தேன் வண்டுக்கு அல்ல, எறும்புக்கு. எறும்பு தேன் குடிக்க ஏறி இறங்கும். வழியில் இலை தின்ன வந்த புழுவோ முட்டையோ தட்டுப்பட்டால் தூக்கிக்கொண்டு போகும். மாசச் சம்பளம் இல்லாத காவல்காரன். காபி மட்டும் வாங்கிக் கொடுத்தால் போதும். ஆவாரையின் சென்னா பேரினத்தில் உலகம் முழுவதும் சுமார் 300 வகைகள் இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை இந்தச் சுரப்பி உள்ள கிளையைச் சேர்ந்தவை. எறும்பைக் கூட்டணியில் சேர்த்த கிளைதான் இவ்வளவு பல்கிப் பெருகியது என்பது ஆய்வாளர்களின் கணிப்பு.

இவ்வளவு காவலையும் மீறி ஆவாரையைத் தின்று வளரும் ஒரு கூட்டம் உண்டு. பச்சைச் சாயல் படிந்த வெள்ளைப் பட்டாம்பூச்சிகள் மழை முடிந்த நாட்களில் கூட்டம் கூட்டமாகப் பறப்பதைப் பார்த்திருப்பீர்கள். அவற்றின் புழுவுக்கு ஆவாரை இலைதான் தாய்ப்பால். இந்தக் குடும்பத்து இலைகளில் வயிற்றைக் கலக்கும் வேதிப்பொருள்கள் உண்டு. ஆவாரையின் தங்கை நிலாவாரை பேதி மருந்தாகத் தூத்துக்குடியிலிருந்து கப்பல் ஏறியது அதனால்தான். ஆடுமாடுகள் ஆவாரையை விரும்பி மேய்வதில்லை. அந்தப் புழுவோ அதையே மூன்று வேளையும் தின்கிறது. உங்கள் தோட்டத்து ஆவாரையில் இலைகள் ஓட்டையாக இருந்தால் மருந்து தெளிக்க ஓடாதீர்கள். பட்டாம்பூச்சி வேண்டும், புழு வேண்டாம் என்று இருக்க முடியாது.

பொழுது சாய்ந்தபின் டார்ச் அடித்துப் பாருங்கள், இன்னொரு காட்சி. சிற்றிலைகள் எல்லாம் கீழே தொங்கி, கூடவே திருகிக்கொண்டு, மேல்பக்கத்தோடு மேல்பக்கம் ஒட்டிக் கைகூப்பியிருக்கும். ஒவ்வொரு சிற்றிலையின் அடியிலும் இலையடி மூட்டு என்ற சின்ன வீக்கம் இருக்கிறது. அதன் ஒரு பக்கத்துச் செல்களிலிருந்து பொட்டாசியம் வெளியேற, பின்னாலேயே தண்ணீரும் வெளியேறும். அந்தப் பக்கம் துவளும், எதிர்ப்பக்கம் உப்பும், இலை திரும்பும். தசையும் இல்லை, நரம்பும் இல்லை, வெறும் தண்ணீர் அழுத்தம், ஜே.சி.பி.யின் கை உயர்வதற்கு எண்ணெய் அழுத்தம் இருப்பதுபோல. டார்வின் தம் மகன் ஃபிரான்சிஸுடன் சேர்ந்து 1880இல் வெளியிட்ட நூலில் செடிகளின் இந்தத் தூக்கத்துக்குப் பல பக்கங்கள் ஒதுக்கினார். சில செடிகளின் இலைகளை மடங்கவிடாமல் ஊசி குத்தி விரித்துவைத்துப் பனியில் நிறுத்தினார்; மடங்கிய இலைகளைவிட அவை அதிகம் கருகின. திறந்த வானத்துக்கு இரவில் வெப்பம் இழப்பதைக் குறைக்கவே இந்த மடிப்பு என்றார். காரணம் அது ஒன்றுதானா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை.

பட்டைக்கு வருவோம். ஒரு குச்சியின் பட்டையை மென்று பார்த்தால் வாய் துவர்க்கும். கொட்டைப்பாக்கு மென்றதுபோல நாக்கு இழுக்கும். காய்ந்த பட்டையின் எடையில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு டானின், அதாவது துவர்ப்புப் பொருள். அதன் மூலக்கூறுக்குக் கைகள் அதிகம். எந்தப் புரதம் கிடைத்தாலும் பற்றிக்கொள்ளும். வாயில் துவர்ப்பு என்று நாம் உணர்வது, எச்சிலிலிருக்கும் வழவழப்பான புரதங்களை அது பிடித்துக் கட்டிப்போட்டுவிட்டதைத்தான். இப்போது எச்சிலுக்குப் பதில் ஒரு பச்சைத் தோலை நினைத்துக்கொள்ளுங்கள். தோல் என்பது கொலாஜன் என்ற புரதக் கயிறுகளின் பின்னல். டானின் கயிற்றுக்கும் கயிற்றுக்கும் இடையில் புகுந்து முடிச்சுப் போடுகிறது, தண்ணீரை வெளியே தள்ளுகிறது. அழுக வேண்டிய தோல் செருப்பாகிறது. 19ஆம் நூற்றாண்டில் சென்னை மாகாணத்திலிருந்து லண்டன் சந்தைக்குக் கப்பல் கப்பலாகப் போன பதனிட்ட தோல்களுக்குப் பின்னால் இருந்தது பெரும்பாலும் இந்த ஆவாரம்பட்டைதான். பிறகு தென்னாப்பிரிக்காவின் வாட்டில் மரப்பட்டை வந்தது, குரோமிய உப்பு வந்தது. ஆவாரை மறுபடி ரோட்டோரத்துக்குத் திரும்பியது. ஒரு காலத்தில் மாகாணத்தின் தோல் ஏற்றுமதியைத் தாங்கிய செடி என்று நினைத்துப் பார்த்தால் அந்த நர்சரிக்காரரின் பார்வை கொஞ்சம் உறுத்துகிறது.

ஒரு தவறான நம்பிக்கையை இங்கேயே தீர்த்துவிடலாம். பயறுக் குடும்பத்துச் செடி என்பதால் ஆவாரையும் வேர் முடிச்சுகளில் பாக்டீரியாவை வைத்துக் காற்றிலிருந்து நைட்ரஜனைப் பிடிக்கும் என்று தோட்டக்காரர்கள் சொல்வதுண்டு. உளுந்து செய்யும், அவரை செய்யும். சென்னா பேரினத்துக்கு அந்தப் பழக்கம் பொதுவாகக் கிடையாது. வேரைத் தோண்டிப் பார்த்தால் முடிச்சே இருக்காது. வரப்பிலிருந்து ஒடித்துக் கழனியில் போட்டு மிதித்தால் தழையுரம் ஆகும், அது வேறு. பாறை உடைந்த மண்ணில், யார் தயவும் இல்லாமல், ஆழத்துக்குப் போகும் ஆணிவேரை மட்டும் நம்பிப் பிழைக்கிற செடி இது.

அந்த ஆணிவேர்தான் தோட்டக்காரர்களைத் தோற்கடிக்கிறது. அழகாக இருக்கிறதே என்று ஒரு முழ உயரக் கன்றை நான் ஒருமுறை பிடுங்கி வந்து நட்டேன். மூன்றே நாளில் விறகு. மேலே ஒரு முழம் தெரிந்தால் கீழே அதைவிட நீளம் இருக்கும். பிடுங்கும்போது பாதி மண்ணிலேயே தங்கிவிடும். ஆவாரையை விதையிலிருந்துதான் வளர்க்க வேண்டும், அது நிரந்தரமாக நிற்கப்போகும் இடத்திலேயே.

விதைக்குக் கோட்டைக்குள் கை வைக்க வேண்டாம். செஞ்சிக் கோட்டை தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பது. 2025 ஜூலையில் மராத்தியரின் பன்னிரண்டு கோட்டைகளில் ஒன்றாக யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலிலும் ஏறிவிட்டது. சாலையோரப் புதர்களிலேயே வேண்டிய மட்டும் காய் கிடைக்கும். காகிதம்போல மெல்லிய, தட்டையான, பழுப்பேறிய காய்களாகப் பறியுங்கள். ஒன்றில் பத்துப் பதினைந்து விதை தேறும். இரண்டு மூன்று வெவ்வேறு புதர்களிலிருந்து எடுப்பது நல்லது. கருவண்டுக்குக் கொண்டுபோகவும் கொண்டுவரவும் அயல் மகரந்தம் வேண்டுமே. ஆவாரைதானா என்று சந்தேகம் வந்தால் இலைக்காம்பின் அடியைப் பாருங்கள். இருபுறமும் காதுமடல்போல அகன்ற இலைச்செதில்கள் இருக்கும். 1753இல் லின்னேயஸ் இதற்குப் பெயர் வைத்தபோது ஆரிகுலேட்டா, ‘காதுடையது’, என்று சொன்னது அதை வைத்துத்தான்.

விதையை அப்படியே மண்ணில் போட்டுத் தண்ணீர் ஊற்றினால் பெரும்பாலும் ஒன்றும் நடக்காது. ஒரு மாதம் கழித்துத் தோண்டினாலும் போட்டது போட்டபடி கிடக்கும். செத்த விதை அல்ல, பூட்டிய விதை. இதன் உறையில் மெழுகு பூசிய செல்கள் வேலியில் நட்ட மூங்கில்போல நெருக்கிக்கொண்டு செங்குத்தாக நிற்கின்றன. ஒரு சொட்டுத் தண்ணீர் நுழையாது. இதற்கு விதை உறக்கம் என்று பெயர். செடியின் பக்கத்தில் இதற்கு நியாயம் இருக்கிறது. செஞ்சியில் சித்திரையில் கோடை மழை ஒன்று கொட்டும். அதை நம்பி முளைத்த செடி அக்னி நட்சத்திரத்தில் செத்துப்போகும். எல்லா விதையும் ஒரே மழையில் ஏமாந்துவிட்டால் வம்சமே போயிற்று. ஆகவே ஒவ்வொரு விதையும் ஒவ்வொரு வருஷம் திறக்கும்படி உறைகளின் கெட்டி வேறுபடுகிறது. வெயிலில் சூடேறி, இரவில் குளிர்ந்து, மணலில் உரசி, எப்போதோ ஒருநாள் உறையில் வலுக்குறைந்த ஒரு புள்ளி மட்டும் திறந்துகொள்ளும். தண்ணீர் அந்த ஓர் ஊசித்துளை வழியேதான் முதலில் போகும்.

அந்த ‘எப்போதோ’ எவ்வளவு தூரம் நீளும்? பாரிஸ் அருங்காட்சியகத்தின் பெட்டிகளில் கிடந்த பழைய விதைகளை 1934இல் பால் பெக்கரல் என்ற தாவரவியலாளர் முளைக்கவைத்துப் பார்த்தார். ஆவாரையின் அமெரிக்க உறவு ஒன்றின் விதை முளைத்தது. அது சேகரிக்கப்பட்ட ஆண்டு 1776. செஞ்சிக் கோட்டை பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து ஆங்கிலேயர் கைக்குப் போய்ப் பதினைந்தே ஆண்டுகள் ஆகியிருந்த நேரம். 158 ஆண்டுகள் காகிதத்துக்குள் கிடந்துவிட்டு, தண்ணீர் பட்டதும் எழுந்துகொண்டது.

நமக்கு அவ்வளவு பொறுமை இல்லை. இரண்டு சாவிகள் இருக்கின்றன. ஒன்று, தண்ணீரைக் கொதிக்கவைத்து அடுப்பிலிருந்து இறக்கி, கொதி அடங்கியதும் விதைகள்மேல் ஊற்றி இரவு முழுக்க அப்படியே விட்டுவிடுவது. காலையில் சில விதைகள் இரண்டு மடங்கு பருத்திருக்கும், அவை திறந்தவை. பருக்காதவற்றுக்கு மறுபடி ஒரு சுடுநீர். இரண்டாவது, அம்மிக்கல்லில் விதையின் ஓரத்தை நாலைந்து முறை தேய்ப்பது. காம்பு ஒட்டியிருந்த முனையில் முளைவேர் இருக்கிறது; அதைத் தொடாமல் மறுமுனையில் தேய்க்க வேண்டும். உள்ளே வெளிர்நிறம் தெரிந்ததும் நிறுத்திவிடுங்கள்.

நேரம், புரட்டாசிக் கடைசி அல்லது ஐப்பசி முதல் மழை. செஞ்சிப் பகுதியில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1000 மில்லிமீட்டர் மழை. ஒரு சதுர மீட்டர் நிலத்துக்கு அது 1000 லிட்டர். பதினைந்து லிட்டர் குடமாகக் கணக்குப் போட்டால் அறுபத்தைந்து குடத்துக்கு மேல். அதில் பெரும்பங்கு வடகிழக்குப் பருவத்தின் சில வாரங்களில் கொட்டித் தீர்ந்துவிடும். அந்த ஈரம் கீழே இறங்க இறங்க ஆவாரையின் வேரும் பின்னாலேயே இறங்கட்டும். முழு வெயில் விழும் மேட்டுப்பாங்கான இடம் வேண்டும். தண்ணீர் தேங்கினால் வேர் அழுகும். ஒரு விரல்கடைக்கும் குறைவான ஆழத்தில் குழிக்கு மூன்று விதை. குழிக்குக் குழி ஒன்றரை மீட்டர். எரு வேண்டாம், கொழுத்த மண்ணில் இலைதான் தழைக்கும். முதல் கோடையில் மட்டும் வாரம் ஒருமுறை தண்ணீர் காட்டினால் போதும், அதற்குப் பிறகு அது உங்களைத் தேடாது. ஒன்றிரண்டு ஆண்டுகளில் பூக்கும். பூ முடிந்ததும் மூன்றில் ஒரு பங்கு கிளையை வெட்டிவிடுங்கள். பூக்கள் கிளை நுனியில்தான் கொத்தாக வரும். ஒரு வெட்டுக்கு இரண்டு மூன்று நுனிகள் கிளைத்தால் அடுத்த முறை அத்தனை கொத்து. பறித்த பூவைக் காயவைத்துத் தேநீர் போடலாம். இலங்கையில் ‘ரணவரா’ என்று இதையே குடிக்கிறார்கள். சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மட்டும் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு குடியுங்கள்.

செடியை வைத்துவிட்டு வண்டுக்கு இடம் வைக்காவிட்டால் ‘வீங்’ கேட்காது. கருவண்டு கூடு வைப்பது காய்ந்த மரத்திலும் மூங்கிலிலும். கொட்டகை பிரித்த பழைய மூங்கில் இரண்டை அடுப்பில் வைக்காமல், மழை படாத சுவரோரம் சாய்த்து வையுங்கள். ஓரமாகக் கொஞ்சம் மண்சுவர் இருந்தால் இன்னும் விசேஷம்: வயிற்றில் நீலப் பட்டைகள் போட்ட ஒரு சிறிய தேனீ அங்கே குடிவரும். அதற்கும் பாடத் தெரியும், இன்னும் கொஞ்சம் கீச்சுக்குரலில்.

பறித்த விதைகளில் பத்தை மட்டும் சுடுநீருக்கும் அம்மிக்கும் கொடுக்காமல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மதில் ஓரத்தில், கல் நிறைந்த இடமாகப் பார்த்து, மண்ணைக் கீறிப் போட்டு மூடிவிடுங்கள். அடுத்த ஐப்பசியில் ஒன்று வரலாம். மூன்று வருஷம் கழித்து இரண்டு வரலாம். மீதியுள்ளவை, வீடு கைமாறி, மதில் இடிந்து, வேறு யாரோ அங்கே வாசல் தெளிக்கும் ஒரு காலையில் முளைக்கலாம்.